சோதனையில் தெரியாத நோவும் நடையில் தொடங்கும் சிகிச்சையும்

உடம்பு முழுவதும் நோகின்றது என்று ஒருவர் சொன்னால், எம்மில் பெரும்பாலானோர் முதலில் கேட்கும் கேள்வி 'பரிசோதனையில் என்ன காட்டியது?' என்பதேயாகும். இரத்தப் பரிசோதனையிலோ எக்ஸ்ரே படத்திலோ ஏதேனும் குறை காணப்பட்டால் நோயாளிக்கு அனுதாபம் கிடைக்கின்றது. ஒன்றும் இல்லையென்று அறிக்கை வந்துவிட்டால் அதே அனுதாபம் சந்தேகமாக மாறிவிடுகின்றது. இவ்வாறு சந்தேகத்துக்குள்ளாகி, நோவுடன் அவப்பெயரையும் சேர்த்துச் சுமப்பவர்கள் எமது சமூகங்களில் கணிசமாக உள்ளனர். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

எமக்கு நன்கு தெரிந்த ஆசிரியை ஒருவரின் கதையும் இதுவே. நாற்பதுகளின் நடுப்பகுதியில் அவருக்குக் கழுத்திலும் தோள்களிலும் நோவு ஆரம்பித்தது. சில மாதங்களில் முதுகு, இடுப்பு, தொடை என்று அது பரவியது. காலையில் எழும்போது உடல் கட்டை போல் விறைத்திருக்கும். எட்டு மணித்தியாலம் படுத்திருந்தாலும் கண்மூடாதவரைப் போன்ற களைப்பு. வகுப்பில் பேசிக்கொண்டிருக்கையில் சொல்ல வந்த சொல் மறந்துபோகும். நான்கு வருடங்களில் பல வைத்தியர்களைச் சந்தித்தார். எல்லாப் பரிசோதனைகளும் சரியாகவே இருந்தன. 'உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டில் ஏதும் பிரச்சினையா?' என்று ஒரு வைத்தியர் கேட்டார். வீட்டிலே மாமி அதனைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: 'வேலைக்குப் பஞ்சி.' ஐந்தாவது வருடத்தில்தான் வாதநோய் நிபுணர் ஒருவர் அவரிடம் அரை மணித்தியாலம் கேள்விகள் கேட்டு, நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். அப்பெயரைக் கேட்டதும் தாம் அழுதுவிட்டதாகவும், அது துயரத்தினால் அல்ல, நான் பொய் சொல்லவில்லை என்பது உறுதியான ஆறுதலினால்தான் என்றும் அவர் எம்மிடம் கூறினார்.

அந்நோயின் பெயர் பைப்ரோமயால்ஜியா. நார், தசை, நோவு என்பவற்றைக் குறிக்கும் இலத்தீன், கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர் இது. 1904ஆம் ஆண்டில் பிரித்தானிய நரம்பியல் வைத்தியரான வில்லியம் கவர்ஸ் இத்தகைய நோவை 'பைப்ரோசைட்டிஸ்' என்றழைத்தார். தசையை ஒட்டிய நார்த்திசுக்களில் அழற்சி உள்ளது என்பது அச்சொல்லின் பொருள். பின்னர் தேடிப் பார்த்தபோது அவ்வாறான அழற்சி எதுவும் அகப்படவில்லை. எனவே 1976ஆம் ஆண்டளவில் இப்போதைய பெயர் வழக்கிற்கு வந்தது. நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர் வரை இதனால் பாதிக்கப்படுவதாகப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் கூறுகின்றன.

அழற்சி இல்லை, மூட்டுத் தேய்வு இல்லை, பின் நோவு எங்கிருந்து வருகின்றது? இக்கேள்விக்கு அமெரிக்காவில் கிரேஸ்லி, குளோவ் ஆகியோர் அடங்கிய குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு தெளிவான ஒரு விடையைத் தந்தது. நோயாளிகள் பதினாறு பேரினதும் நோயற்றவர்கள் பதினாறு பேரினதும் பெருவிரல் நகத்தின் மீது அளவிடப்பட்ட அழுத்தம் கொடுத்து, அவ்வேளையில் மூளையின் செயற்பாடு ஸ்கான் மூலம் பதிவு செய்யப்பட்டது. நோயற்றவரின் மூளையில் நோவுக்குரிய பகுதிகளைத் தூண்டுவதற்குத் தேவைப்பட்ட அழுத்தத்தின் ஏறக்குறைய அரைவாசியே நோயாளியின் மூளையில் அதே தூண்டுதலை ஏற்படுத்தப் போதுமானதாக இருந்தது. வானொலிப் பெட்டியின் ஒலியைக் கூட்டும் திருகி உச்சத்தில் இறுகிவிட்டால் மெல்லிய பேச்சும் இரைச்சலாகக் கேட்குமல்லவா? இந்நோயில் நரம்பு மண்டலத்துக்கு நேர்வதும் ஏறத்தாழ அதுவே. சேலைத் தலைப்பின் பாரமும், பிள்ளை வந்து அணைத்துக்கொள்வதும் கூட நோவாக உணரப்படுவதன் காரணம் இதுதான். 2017ஆம் ஆண்டில் நோவு ஆராய்ச்சிக்கான சர்வதேச சங்கம் இவ்வகை நோவுக்கெனத் தனியான சொல்லொன்றையே ஏற்றுக்கொண்டது. அதாவது திசுக் காயத்தினாலோ நரம்பு சேதத்தினாலோ அல்லாமல், நோவை உணரும் பொறிமுறையே மாறிப்போவதால் வரும் நோவு என்று.

இந்நோயை உறுதிசெய்ய இன்றுவரை இரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கிற்கு வரவில்லை. 1990இல் அமெரிக்க வாதவியல் கல்லூரி வகுத்த விதிகளின்படி உடலின் 18 குறித்த இடங்களை விரலால் அழுத்திப் பார்த்து, குறைந்தது 11 இடங்களிலாவது நோவு இருந்தால் அது இந்நோய் எனக் கொள்ளப்பட்டது. 2010இல் அம்முறை மாற்றப்பட்டது. உடலை 19 பகுதிகளாகப் பிரித்து எங்கெங்கு நோகின்றது என்று கேட்டு, களைப்பு, நித்திரையால் புத்துணர்ச்சி கிடைக்காமை, ஞாபக மந்தம் ஆகியவற்றின் கடுமையையும் கேட்டறிவதே இப்போதைய வழி. மூன்று மாதங்களுக்காவது இவை நீடித்திருக்க வேண்டும். சுருங்கக் கூறின், இங்கு நோயாளியின் வாய்மொழியே பரிசோதனை அறிக்கையாகும்.

இலங்கையின் தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரையில் இது மிகவும் முக்கியமான விடயம் என்று நாம் கருதுகின்றோம். உடைந்த எலும்புக்கு மொழி தேவையில்லை, படம் பேசும். ஆனால் உளைவு, கடுப்பு, எரிவு, குத்து, விறைப்பு என்று எமது தாய்மார் பிரித்துச் சொல்லும் நோவுகளை, சைகையாலும் அரைகுறைச் சிங்களத்தாலும் சொல்ல நேர்ந்தால் அவையனைத்தும் 'உடம்பு நோ' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கி விடுகின்றன. அதற்குக் கிடைப்பது நோவு மாத்திரைப் பொதியொன்றாகவே இருக்கும். வாதநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்பவர், எங்கெங்கு நோகின்றது, எத்தனை மாதங்களாக, நித்திரை எப்படி என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மொழி தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது வீண் அலைச்சலைக் குறைக்கும்.

இனி சிகிச்சைக்கு வருவோம். மருந்துகள் இல்லாமல் இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்நோய்க்கென 2007இல் பிரிகபலினையும், 2008இல் டுலொக்செட்டினையும், 2009இல் மில்னாசிப்ரானையும் அங்கீகரித்தது. குறைந்த அளவு அமிட்ரிப்டிலினும் நெடுநாளாகக் கொடுக்கப்பட்டு வருகின்றது. இவற்றால் ஒரு பகுதியினர் பயனடைகின்றனர்; பலருக்குப் பயன் சொற்பமே. ஐரோப்பிய வாதவியல் அமைப்பான யூலார், அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் மதிப்பிட்டு 2016இல் திருத்திய பரிந்துரைகளை வெளியிட்டது. அதில் 'உறுதியாகப் பரிந்துரைக்கின்றோம்' என்ற தகுதியைப் பெற்றது ஒன்றே ஒன்றுதான். அது மருந்தன்று; உடற்பயிற்சி. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலும், இந்நோய் உள்ளடங்கலான நீண்டகால முதன்மை நோவுக்குப் பரசிட்டமோலையோ, புரூபன் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளையோ, அபின்வகை மருந்துகளையோ புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்றும், மேற்பார்வையுடனான குழு உடற்பயிற்சியை வழங்குமாறும் கூறுகின்றது. பனடோல் அட்டையைக் கைப்பையின் நிரந்தர அங்கமாக வைத்திருப்போர் இதனைக் கவனத்திற் கொள்வது நல்லது. (எனினும் ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்தை வைத்தியரைக் கேளாமல் நிறுத்திவிடலாகாது.)

நோகின்ற உடம்பை அசைக்கச் சொல்வது முதற்பார்வையில் கொடுமையாகத் தோன்றும். ஓய்வெடு என்பதே எமது பாட்டிமார் முதல் பாமசிக்காரர் வரை எல்லோரும் சொல்லும் புத்திமதி. ஆனால் இந்நோயில் ஓய்வு ஒரு பொறி. அசையாத தசை வலுவிழக்கின்றது. வலுவிழந்த தசை சிறு வேலைக்கே களைத்து நோகின்றது. நோவினால் அசைவு மேலும் குறைகின்றது. நித்திரையும் கெடுகின்றது. 1975இல் கனடாவின் ரொரன்ரோவில் மொல்டொஃப்ஸ்கி என்ற வைத்தியரின் குழுவினர், நோயற்றவர்களின் ஆழ்ந்த நித்திரையை இரவில் ஒலியெழுப்பிக் குலைத்தபோது, சில நாட்களுக்குள்ளேயே அவர்களுக்குத் தசை நோவும் தொட்டால் நோகும் இடங்களும் தோன்றியதைக் கண்டனர். 1988இல் அதே நாட்டில் மக்கேனும் அவரது சகாக்களும் 42 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இருதயத் துடிப்பை உயர்த்தும் பயிற்சியும் மற்றைய பிரிவினருக்கு உடலை நெகிழ்த்தும் பயிற்சியும் மாத்திரம் 20 வாரங்கள் அளித்தனர். முதற் பிரிவினரின் நோவு தாங்கும் எல்லை மற்றவர்களைவிடத் தெளிவாக உயர்ந்தது. யூலாரின் பரிந்துரைக்கு வழிவகுத்த நீண்ட ஆய்வு வரிசையின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

எனினும் 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்ற இரண்டு சொல் ஆலோசனையுடன் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது, மருந்தின் பெயரை மட்டும் சொல்லி அளவைச் சொல்லாமல் விடுவதற்கு ஒப்பானது. இயன்மருத்துவரின் தேவை எழுவது இங்கேதான். எம் ஆசிரியை முதலில் செய்த தவறும் இதுவே. வைத்தியர் சொன்ன உற்சாகத்தில் முதல் நாளே ஒரு மணித்தியாலம் விரைந்து நடந்தார். அடுத்த மூன்று நாட்கள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. 'உடற்பயிற்சி எனக்கு ஒத்துவராது' என்று முடிவுகட்டி இரண்டு மாதங்கள் சும்மா இருந்துவிட்டார். நோவு குறைந்த நாளில் விட்டுப்போன வேலைகளையெல்லாம் ஒரே மூச்சில் செய்வதும், பின் பல நாட்கள் முடங்கிக் கிடப்பதும் இந்நோயாளிகளிடம் பொதுவாகக் காணப்படும் சுழல். அதனை உடைப்பதே இயன்மருத்துவத்தின் முதல் வேலை.

நல்ல இயன்மருத்துவர் முதலில், நோவு கூடாமல் எவ்வளவு செய்ய முடியும் என்று அளந்து பார்ப்பார். பத்து நிமிடம் நடந்தால் மறுநாள் முடங்குபவருக்கு ஐந்து நிமிடமே தொடக்கம். அந்த ஐந்து நிமிடம் நல்ல நாளிலும் ஐந்துதான், கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஐந்துதான். இதுவே பலருக்குக் கடினமான பாடம். ஓரிரு வாரங்கள் அது பழகியபின் ஒன்றிரண்டு நிமிடங்கள் கூட்டப்படும். இவ்வாறு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் 20 முதல் 30 நிமிடங்கள் வரை மிதமான வேகத்தில் நடக்கும் நிலையை எட்டுவதற்குச் சில மாதங்கள் செல்லலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும் என்பது வேகத்துக்கான எளிய அளவுகோல். பயிற்சியின் பின் சிறிது உளைவு வருவது இயல்பு. அது இரண்டு நாட்களுக்கு மேலும் தணியாவிடின் அளவு கூடிவிட்டது என்பது பொருள். முந்திய படிக்கு இறங்கிவிட வேண்டும், நிறுத்திவிடக் கூடாது.

'வீட்டில் விடிய எழும்பியது முதல் படுக்கும்வரை வேலைதானே செய்கின்றேன், இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி?' என்று எமது பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. தேங்காய் துருவுவதும், உடுப்புத் தோய்ப்பதும், தண்ணீர் வாளி தூக்குவதும் உடலுழைப்பே. ஆனால் அவற்றின் அளவை நிர்ணயிப்பது அவர்களின் உடம்பு அல்ல, வீட்டாரின் தேவை. விருந்தினர் வந்தால் இரட்டிப்பாகும். நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்புவதால் நித்திரையும் குறையும். திருவிழாக் காலத்தில் முழங்காலும் இடுப்பும் ஓயாது. ஒரே தசைகள் குனிந்த நிலையில் திரும்பத் திரும்ப உழைக்கின்றன. இருதயமோ சீராக உயர்ந்து வேலை செய்வதில்லை. ஆகவே சிகிச்சை என்பது பெண்ணின் தலையில் மேலும் ஒரு வேலையைச் சுமத்துவதாக இருந்தால் அது தோற்கும். தினமும் அரை மணித்தியாலம் அடுப்படியிலிருந்து அவரை விடுவிப்பது யார் என்ற கேள்விக்குக் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் பதில் சொல்ல வேண்டும். ஆலோசனையின்போது வீட்டாரில் ஒருவரையும் அழைத்துப் பேசும் இயன்மருத்துவர்கள் இதனை அறிந்தே அவ்வாறு செய்கின்றனர்.

எங்கே நடப்பது என்பதும் சிறிய பிரச்சினையன்று. பட்டினங்களில் மைதானங்களும் நடைபாதைகளும் உள்ளன. கிராமத்து வீதியில் காரணமின்றி ஒரு பெண் நடந்தால் நான்கு பேர் விசாரிப்பார்கள். வளவுக்குள் நடக்கலாம்; கோயில் வீதியைச் சுற்றலாம்; மழையென்றால் விறாந்தையிலேயே நடக்கலாம். வெந்நீர்த் தடாகத்தில் செய்யும் பயிற்சி உடற்பாரத்தைக் குறைத்து அசைவை இலகுவாக்குவதால் மேலைநாடுகளில் அது விரும்பப்படுகின்றது. எமது நாட்டில் அத்தகைய வசதி அரிது. பெண்களுக்கென மறைவான ஏற்பாடு அதனினும் அரிது. அது கிடைக்கவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. தரையில் செய்யும் பயிற்சிக்கும் பயன் உண்டு.

நடை பழகியபின் தசை வலுவுக்கான பயிற்சி சேர்க்கப்படும். பாரம் தூக்குவது இந்நோயாளிகளுக்கு ஆகாது என்ற பழைய அச்சத்தை, சுவீடனில் 130 பெண்களிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு பெருமளவு நீக்கியது. தம்மால் தூக்கக்கூடிய உச்சப் பாரத்தின் 40 வீதத்தில் தொடங்கி, படிப்படியாக 80 வீதம் வரை, வாரம் இருமுறையாக 15 வாரங்கள் பயின்றவர்களின் வலுவும் கூடியது, நோவும் குறைந்தது. வீட்டில் இதற்கு இறப்பர் பட்டியோ, தண்ணீர் நிரப்பிய சிறு போத்தலோ போதும். சீனாவின் தாய்-சி என்னும் மெதுவான அசைவுப் பயிற்சியும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 226 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அது வழமையான உடற்பயிற்சிக்கு நிகரான அல்லது அதிலும் மேலான பயனைத் தந்தது. எது சிறந்தது என்பதைவிட எதனை விடாமல் செய்வார் என்பதே இயன்மருத்துவர் நோயாளியிடம் அறிய முயலும் விடயம்.

ஒத்தடம், எண்ணெய் தேய்த்து உருவுதல், மின்தூண்டல் போன்றவை பற்றி ஒரு வார்த்தை. சூட்டு ஒத்தடம் விறைப்பைத் தளர்த்தும்; பயிற்சிக்கு முன் அது உதவும். ஆனால் படுக்கையில் கிடக்க, மற்றொருவர் செய்துவிடும் சிகிச்சையின் பயன் பெரும்பாலும் அன்றைய நாளுடன் முடிகின்றது. 'நோவெடுக்க' என்று முழங்கையால் அழுத்தி உருவுவது இந்நோயில் நோவைக் கூட்டவே செய்யும். மாதக்கணக்கில் மின்கருவியை மாத்திரம் பூட்டிப் பணம் அறவிடும் நிலையங்களில் ஏமாறாதிருப்பது நோயாளியின் கைகளிலேயே உள்ளது.

தொழுகையில் குனிந்து சுஜூது செய்ய முடியாமல் தவிப்போர், இயலாதவர் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதை அறிவர். எனினும் வெளியில் நோய் தெரியாத ஒருவர் கதிரையில் அமர்ந்தால் எழும் பார்வைகளுக்கு அஞ்சுகின்றனர். கோயிலில் அடியழிக்க முடியாத பெண்ணின் நிலையும் அஃதே. கண்ணுக்குத் தெரியாத நோவுக்கும் சலுகை உண்டு என்பதை மதப் பெரியார்கள் ஒருமுறை எடுத்துச் சொன்னால் பலருக்கு ஆறுதலாக அமையும்.

கடும் மன அதிர்ச்சிக்குள்ளானவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதை உலகளாவிய ஆய்வுகள் சுட்டுகின்றன. 2009இல் முடிவுற்ற யுத்தத்தையும், இடப்பெயர்வுகளையும், 2004 ஆழிப்பேரலையையும் கடந்துவந்த மக்களிடையே உடம்பு முழுவதும் நோகின்றது என்ற முறைப்பாட்டை எவரும் இலேசாகத் தள்ளிவிடலாகாது. மன அதிர்ச்சியுடன் தொடர்புண்டு என்பதனால் நோவு கற்பனை என்று ஆகிவிடாது என்பதையும் இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

அதேவேளை, எல்லா உடல் நோவும் இந்நோயன்று. மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமற்ற மெலிவு, கை கால் வலுவிழப்பு, மலசலக் கட்டுப்பாடு இழத்தல் ஆகியன இருந்தால் உடனடியாக வைத்தியரை நாடவேண்டும். தைரொயிட் குறைபாடும் விற்றமின் டி குறைபாடும் இதனைப் போன்றே தோற்றமளிக்கக் கூடும். முடக்குவாதம் உள்ளவருக்கு இந்நோயும் சேர்ந்திருக்கலாம். இருதய நோய், நீரிழிவு உள்ளோர் பயிற்சியைத் தொடங்குமுன் வைத்தியரின் அனுமதியைப் பெறவேண்டும்.

பேராதனையிலும் கொழும்பிலும் இயன்மருத்துவப் பட்டதாரிகள் உருவாக்கப்படுகின்றனர். எலும்பு முறிவும் பாரிசவாதமும் நிறைந்துள்ள அரச வைத்தியசாலைப் பிரிவுகளில், வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றும் ஒரு பெண்ணுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குவது இலகுவன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் இந்நோய்க்கான பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. வாரம் இருமுறை பத்துப் பேரை ஒன்றாக வைத்து, தமிழில் விளங்கப்படுத்தி நடத்தும் குழுப் பயிற்சிக்கு ஒரு மண்டபமும் ஓர் இயன்மருத்துவரும் போதும். வடக்கு, கிழக்கு, மலையகப் பிரதேச வைத்தியசாலைகளில் இதனைத் தொடங்குவது பற்றிச் சுகாதார அதிகாரிகள் சிந்திக்க வேண்டும்.

ஆசிரியை இப்போது பாடசாலை மைதானத்தைச் சுற்றி 25 நிமிடங்கள் நடக்கின்றார். ஐந்து நிமிடத்திலிருந்து அங்கு வந்துசேர ஏழு மாதங்கள் பிடித்தன. நோவு போய்விடவில்லை, கரும்பலகையின் மேல்வரி வரை கை எட்டுகின்றது, இரவில் நித்திரை வருகின்றது. மழைக்காலத்தில் உளைவு கூடும் என்கிறார். அந்நாட்களில் அரைவாசித் தூரம் நடந்துவிட்டுத் திரும்பி விடுகின்றார். மாமி சில வேளைகளில் கூடவே வருகின்றாராம். முழங்கால் நோவுக்கு நல்லதாம்.